குமரிநாட்டு மக்கள் வழக்கில் பணமும் கைம்மாற்றும்

1. முன்னுரை

பணத்தைப் பற்றி வெளிப்படப் பேச நாணுதல் மாந்தர் இயல்பு. உடையவன் தன் உடைமையைக் கூறான்; இல்லாதவன் தன் இன்மையைக் கூறான். இவ்விரு நாணங்களுக்கும் இடையே நூறும் ஐந்நூறுமாகச் சிறுதொகைகள் நாள்தோறும் ஒரு கையினின்று மற்றொரு கைக்குச் சென்றுகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கேட்டற்கும், கொடுத்தற்கும், மறுத்தற்கும், திரும்பக் கேட்டற்கும் மக்கள் தமக்கெனச் சில சொற்களை வகுத்துக்கொண்டுள்ளனர். அகராதியார் இவற்றுள் சிலவற்றையே தொகுத்தனர். இலக்கணம் கற்றோர் இவற்றைக் கொச்சை எனக் கூறி விடுத்தனர்.

இச்சொற்கள் ஒழுங்கற்றவை அல்ல. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தினார். சொல்லத்தகாததை மறைத்துக் கூறுவது முதலாவது. மங்கலமல்லாததை மங்கலமாகக் கூறுவது இரண்டாவது. ஒரு கூட்டத்தார் தமக்குள்ளேயே விளங்குமாறு கூறுவது மூன்றாவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறிக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. செல்வத்தைப் பற்றிய பேச்சே இவ்விலக்கணத்திற்குச் சான்றாக நின்றது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இக்கட்டுரை மார்த்தாண்டத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் நிலைக்களமாகக் கொண்டது. நாஞ்சில் நாடு என்னும் பெயர் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களுக்கே சிறப்பாக உரியதாயினும், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் சேர்ந்த நிலப்பகுதியே 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன்னர் இது திருவிதாங்கூரின் தென்பகுதி. ஆதலின் இங்கு வழங்கும் பணச் சொற்களில் திருவிதாங்கூர் நாணயமும், மலையாள மொழியின் உறவும், பழந்தமிழின் எச்சமும் ஒருங்கே காணப்படும். தொடுவெட்டி எனப் பழம்பெயர் பெற்ற மார்த்தாண்டம் சந்தையும், சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களும், முந்திரி ஆலைகளும் சிறுதொகைகள் இடையறாது புழங்கும் இடங்கள். இங்குள்ளார் சிறுகடனைப் பேசுமிடத்துக் 'கடன்' என்னும் சொல்லையே விலக்குவர் என்பதும், வட்டி நுழையுமிடத்துச் சொல்லும் மாறும் என்பதும் இக்கட்டுரையால் நிறுவப்பெறும்.

2. வழக்கிழந்த காசுகளும் வழக்கிழவாப் பெயர்களும்

திருவிதாங்கூரின் பழைய கணக்கில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். எனவே திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரித்தானிய இந்திய ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு. வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. விரலால் எண்ணுதல் அரிதாகலின், குழிகள் வரிசையாக அமைந்த மரப்பலகையொன்றில் காசுகளைக் கொட்டி அசைத்து, குழிகள் நிரம்பியபின் எஞ்சியவற்றை வழித்தெடுத்து எண்ணும் முறை இருந்தது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் சக்கரம் வழக்கொழிந்தது. ஆயினும் "கையில ஒரு சக்கரம் இல்ல" என்னும் தொடர் முதியோர் வாயில் பின்னரும் நின்றது.

இவ்வாறே துட்டு என்பது ஒல்லாந்தர் வழங்கிய 'டொய்ட்' என்னும் சிறு செப்புக்காசின் பெயர். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் ஒல்லாந்தர் தோற்றனர். அவர்தம் ஆதிக்கம் நீங்கியும், அவர் காசின் பெயர் தமிழில் பணம் என்னும் பொதுப்பொருள் பெற்று நிலைத்தது. மலாய் மொழியிலும் பணத்திற்கு 'டுயிட்' என்பதே பெயர். அதுவும் அவ்வொல்லாந்தக் காசின் வழித்தோன்றலே. சல்லி என்பது தமிழகத்தில் மிகச் சிறு காசைக் குறிக்க, இலங்கையில் பணத்திற்கே பொதுப்பெயராயிற்று. தமிழ்ச் சொற்களும் இவ்வாறே பிறநாடு சென்றன. காசு என்பது போர்த்துக்கேசியர் வழியாக ஆங்கிலம் புக்குச் சீனரின் துளையிட்ட செப்புக்காசுக்கும் பெயராயிற்று. பணம் என்பது 'பனம்' என ஐரோப்பியர் ஏடுகளில் இடம்பெற்றது.

1957 ஏப்ரல் 1ஆம் நாள் பதின்கூற்று நாணயமுறை வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 காசு என்றாயிற்று. அணா மறைந்தும், 25 காசு நாணயத்தை 'நாலணா' என்றும் 50 காசு நாணயத்தை 'எட்டணா' என்றும் வழங்கினர். 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30உடன் செல்லாவாயின.

இப்பெயர்கள் இன்று எத்தகைய தொடர்களில் வழங்குகின்றன என நோக்குவோம்: 'சல்லிக்காசு இல்லை', 'ஒரு தம்பிடி தரமாட்டேன்', 'காலணாப் பெறாது', 'ஓட்டைக் காலணாவுக்கு ஆகாது', 'சக்கரம் கிடையாது'. தம்பிடி என்பது அணாவில் 12இல் ஒரு பங்கு. ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அடிக்கப்பெற்ற, நடுவே துளையுடைய காசு. இத்தொடர்கள் அனைத்தும் எதிர்மறை. 'ஒரு தம்பிடி இருக்கிறது' என எவரும் உடன்பாட்டில் கூறார். உள்ள பணத்தைப் 'பைசா' என்றும் 'ரூவா' என்றும் கூறும் இவ்வட்டாரத்தார், இல்லாத பணத்தை மறைந்துபோன காசுகளின் பெயரால் கூறுகின்றனர். இறந்த நாணயம் இன்மையை உணர்த்தும் சொல்லாய் வாழ்கின்றது. 2016 நவம்பர் 8ஆம் நாள் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லா என அறிவிக்கப்பட்டபோது 'செல்லாக்காசு' என்னும் பழந்தொடர் மீண்டும் நேர்ப்பொருள் பெற்றது. அவ்வளவு விரைவில் ஒரு பழமொழி உயிர்பெற்றெழுதல் அரிது.

3. 'உண்டுமா' எனக் கேட்டல்

ஒருவன் மற்றொருவனிடம் சிறுதொகை கேட்கும் முறையை இனி நோக்குவாம். ரப்பர் பால் வெட்டும் இளைஞன் ஒருவன் மூத்தாரிடம் கேட்பது பெரும்பாலும் இவ்வாறு அமையும்: "அண்ணே, கையில ஒரு ஐநூறு ரூவா உண்டுமா? ஷீட்டு போட்ட ஒடனே தாரேன்." அதற்கு மறுமொழி: "இப்போ கையில ஒண்ணும் இல்லியே மக்களே" என்றோ, "இந்தா, வச்சுக்க" என்றோ வரும்.

இவ்வுரையாடலில் கடன் என்னும் சொல் யாண்டும் இல்லை. 'தா' என்னும் ஏவலும் இல்லை. 'உண்டுமா' என்பது பணம் உளதாதலைப் பற்றிய வினா. கேட்கப்படுவது பணத்தின் இருப்பேயன்றிக் கொடுப்பவனின் மனம் அன்று. ஆதலின் மறுப்பும் 'இல்லை' எனப் பணத்தின் மேல் ஏற்றிக் கூறப்படும். 'தரமாட்டேன்' என ஆளின் மேல் ஏற்றிக் கூறப்படாது. இருவர் மானமும் ஊறுபடாவண்ணம் அமைந்தது இவ்வினா. இஃது இடக்கரடக்கலின் பாற்படும்.

'தாரேன்' என்பதில் மற்றொரு நுட்பம் உண்டு. தொல்காப்பியர் எச்சவியலில் இரத்தற் கிளவிகள் மூன்றனையும் வகுத்து, ஈ என்பது இழிந்தோன் கூற்று எனவும், தா என்பது ஒப்போன் கூற்று எனவும், கொடு என்பது உயர்ந்தோன் கூற்று எனவும் கூறினார். கிளவியாக்கத்தில், தருதல் தன்மை முன்னிலைகளுக்கும் கொடுத்தல் படர்க்கைக்கும் உரியன எனவும் வரையறுத்தார். இன்றைத் தமிழகத்தின் பல பகுதிகளில் 'எனக்குக் கொடு', 'உனக்குக் கொடுக்கிறேன்' என இவ்வரையறை நெகிழ்ந்துவிட்டது. குமரிநாட்டிலோ 'எனக்குத் தா', 'உனக்குத் தாரேன்', 'அவனுக்குக் குடுத்தேன்' எனப் பெரும்பான்மையும் பிறழாது வழங்குகின்றது. மலையாளத்திலும் தருக, கொடுக்குக என்னும் வேறுபாடு இன்றளவும் செவ்விதின் நிற்கின்றது.

இதனால் விளையும் பயன் யாது? வாங்குவோனும் 'தா' என்கிறான். திருப்பித் தரும்போதும் 'தாரேன்' என்கிறான். ஒப்போர்க்குரிய ஒரே சொல் இரு திசையிலும் செல்கின்றது. ஆனால் கொடுத்தவன் அதனை மூன்றாமவனிடம் கூறும்போது 'அவனுக்கு ஐநூறு குடுத்திருக்கேன்' என்றே கூற இயலும். இலக்கணப்படி அது படர்க்கைச் சொல். அச்சொல்லே உயர்ந்தோன் கூற்றாகவும் வகுக்கப்பட்டது. சிறுதொகை வாங்கியவன் அச்செய்தி பிறர் வாயிலாகத் தன் செவிக்கு எட்டும்போது கொள்ளும் வருத்தத்திற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இருவர்க்கிடையே ஒப்புமையாய் நின்றது மூவர்க்கிடையே தாழ்வாய்விடுகின்றது.

திருப்பிக் கேட்டலும் அவ்வாறே மறைமுகமானது. 'என் பணம் எங்கே' எனக் கேட்பவன் உறவை அறுக்கத் துணிந்தவன். ஏனையோர் "அடுத்த ஆழ்ச்ச பிள்ளைக்குப் பீசு கட்டணும்" எனத் தம் தேவையைக் கூறுவர். ஆழ்ச்சை என்பது வாரம். தன் நெருக்கத்தை அவன் முன் வைத்தலே நினைவூட்டல். 'கொடுத்ததைக் கேட்டால் அடுத்தது பகை' என்னும் பழமொழியை நன்கறிந்தோர் வகுத்துக்கொண்ட நெறி இது.

4. கைம்மாற்றும் குறியெதிர்ப்பையும்

இத்தகைய சிறுதொகைக்கு மக்கள் இட்ட பெயர் கைம்மாற்று. பேச்சில் 'கைமாத்து' என்பர். ஆவணம் இல்லை; சான்று இல்லை; வட்டி இல்லை; நாளும் பெரும்பாலும் 'சம்பளம் வந்ததும்', 'ஷீட்டு போட்டதும்' என நிகழ்ச்சியால் குறிக்கப்படுமேயன்றித் தேதியால் குறிக்கப்படாது. மலையாளத்தில் 'கைவாய்ப' என்பதும் இதுவே. எல்லையோர ஊர்களில் இருமொழி பேசுவோர் இரண்டையும் வழங்குவர். இருமொழியிலும் கை முன்னிற்றல் காண்க. கையிருப்பு, கைமுதல், கைம்முட்டு, கையிறுக்கம், சித்திரை விஷு நாளில் மூத்தோர் இளையோர்க்கு அளிக்கும் கைந்நீட்டம் என இவ்வட்டாரத்துச் சிறுபணம் அனைத்தும் கையின் அளவிலேயே நிற்கின்றது. நூல்வழக்கில் உதவிக்குச் செய்யும் எதிருதவியைக் கைம்மாறு என்பர். கைம்மாறும் கைம்மாற்றும் ஒரு வேரினவே.

இதற்கு நிகரான பழஞ்சொல் குறியெதிர்ப்பை. திருக்குறளிலும் புறநானூற்றிலும் பயிலும் இச்சொல்லுக்கு, அளவு குறித்து வாங்கி அவ்வளவே பின்னர் எதிர் கொடுப்பது எனப் பொருள் கூறுவர். ஈகையின் வேறாகவே நூலோர் இதனைக் கருதினர். ஒரு நாழி அரிசியோ, ஒரு கரண்டித் தேயிலையோ, இரு தேங்காயோ வேலிக்கு மேலாக அண்டை வீட்டிற் பெற்று, இரு நாளிற் பின் அதே நாழியால் அளந்து மீட்டுத் தருதல் இன்றும் உள்ளது. குறியெதிர்ப்பை என்னும் சொல் மறைந்தது, அச்செயல் மறையவில்லை. அளக்கும்போது தலைதட்டாது குவித்தளப்பது நன்றியின் அடையாளம். அக்குவியலை வட்டி எனக் கூறின் இருவரும் நாணுவர்.

இவ்விடத்து மங்கல வழக்கும் புகுகின்றது. விளக்கேற்றியபின் பணமும் உப்பும் பிறர்க்குத் தருவதில்லை; செவ்வாய், வெள்ளிகளில் தரத் தயங்குவர்; காலையில் கடையின் முதல் விற்பனையாகிய போணிக்குக் கடன் இல்லை. இவை நம்பிக்கையாயினும், மறுத்தற்கு மனிதர் மேற் பழிவாராத ஒரு காரணத்தை நல்குவன. 'விளக்கு வச்சாச்சே அக்கா, காலம்பற தாரேன்' என்பது மறுப்பா, நாள்நீட்டிப்பா எனக் கேட்டவள் அறிய வேண்டுவதில்லை.

5. பற்று, சீட்டு, சுருள்

கடையில் வாங்கும் சிறுகடனுக்குப் 'பற்று' என்று பெயர். "பற்றுல எழுதிக்கிடுங்க" எனக் கூறி அரிசியும் பருப்பும் எடுத்துச் செல்வர். பற்று என்பது பெற்றுக்கொள்ளுதல். வரவு என்பது வருதல். பற்றுவரவுக் கணக்கில் குற்றவாளி எவரும் இல்லை. அதே கடையின் சுவரில் 'கடன் அன்பை முறிக்கும்', 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்னும் பலகைகள் தொங்குதலையும் காணலாம். கடன் என்னும் சொல் வெளிப்பட எழுதப்படுவது அதனை மறுத்தற்பொருட்டே என்பது இதனாற் பெறப்படும். கொடுக்கும்போது பற்று; மறுக்கும்போது கடன்.

சீட்டு மற்றொன்று. இருபதின்மர் கூடித் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் இடுவர் எனக் கொள்வோம். திரளும் 20,000 ரூபாயை ஏலத்திலோ குலுக்கலிலோ ஒருவர் பெறுவர். முதல் திங்களில் பெறுபவர் தாம் இட்ட 1,000 போக எஞ்சிய தொகையை ஏனையோர்க்குக் கடன்பட்டவரே. இறுதியிற் பெறுபவர் அதுகாறும் கொடுத்து வைத்தவரே. எனினும் இருவரையும் பற்றி 'சீட்டு எடுத்தான்' என ஒரே வினையாற் கூறுவர்.

திருமணத்தில் வைக்கும் மொய்ப்பணத்தை இங்கே சுருள் என்பர். வெற்றிலையிற் சுருட்டிக் கொடுத்தமையால் வந்த பெயர். பேராவூரணிப் பகுதியில் ஆடி, ஆவணித் திங்கள்களில் மொய் விருந்து நடத்தித் தொழிலுக்கு முதல் திரட்டும் முறை பலரும் அறிந்தது. இரண்டிலும் வைத்தவர் பெயரும் தொகையும் ஏட்டில் எழுதப்படும். அவர் வீட்டு விழாவில் குறையாமல் திருப்பி வைத்தல் வேண்டும். கணக்கு உண்டு, கட்டாயம் உண்டு, கடன் என்னும் பெயர் மட்டும் இல்லை.

வினைச்சொற்களை ஒப்பிடின் இக்கருத்து மேலும் விளங்கும். கைம்மாற்று 'வாங்குவர்', பற்று 'எழுதுவர்', சீட்டு 'எடுப்பர்', சுருள் 'வைப்பர்', வங்கியில் பெறுவதை 'லோன் எடுத்தேன்' என்பர். கடன் ஒன்றே 'படுவது'. நோயும் துன்பமும் பழியும் போலக் கடனும் ஒருவன் மேல் வந்து படுவதாகத் தமிழ் கருதுகின்றது. வங்கிக் கடனை 'லோன்' என ஆங்கிலப் பெயரால் நாணமின்றிக் கூறும் ஒருவர், அதே தொகையைக் 'கடன்' எனக் கூற நேரும்போது குரல் தாழ்த்துவர். அயற்சொல்லும் இங்கு இடக்கரடக்கலாகின்றது.

6. பொலிசை முதல் கந்துவட்டி வரை

வட்டியின் பழம்பெயர் பொலிசை, பலிசை எனக் கல்வெட்டுகளிற் காணப்படும். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, பொலிசையாக வரையறுக்கப்பட்டது. பொலிதல் என்பது செழித்தல். களத்தில் நெல் அளக்கும்போது 'பொலி' என வாழ்த்திக் கூறும் சொல்லும் அதுவே. மலையாளத்தில் வட்டிக்குப் 'பலிச' என்பதே இன்றைய பெயர். வட்டி என்னும் சொல்லையும் வளர்ச்சி என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபாகவே ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். இரு பெயரும் மங்கல வழக்கே. விளைச்சல் பெருகுவது போல முதல் பெருகும் என்னும் வாழ்த்து.

இன்றைய பேச்சில் வட்டி வீதத்தை 'ஒரு வட்டி', 'ரெண்டு வட்டி', 'பத்து வட்டி' எனக் கூறுவர். நூறு ரூபாய்க்குத் திங்களுக்கு எத்துணை ரூபாய் என்பது பொருள். நூறும் திங்களும் சொல்லில் இல்லை. 'ரெண்டு வட்டி' ஆண்டுக்கு நூற்றுக்கு 24. 'பத்து வட்டி' நூற்றுக்கு 120. செவிக்குச் சிறிதாய் ஒலிக்கும் எண் ஆண்டுக் கணக்கில் முதலை விழுங்குவதாகின்றது. தண்டல் என்பது இன்னும் மறைவானது. ஆயிரம் ரூபாய் எனப் பேசி, நூறு பிடித்துக்கொண்டு 900 கையில் தந்து, நாளொன்றுக்குப் பத்து வீதம் நூறு நாள் தண்டுவதாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் முதல் குறைந்துகொண்டே வருதலின், உண்மையில் அவன் கையில் நின்றது சராசரி 450 ரூபாய் அளவே. அதற்கு நூறு நாளில் நூறு ரூபாய் எனின் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 80 ஆகும். 'பத்துக்குப் பத்து' போலத் தோன்றும் கணக்கின் உட்பொருள் இது.

மறைத்துக் கூறுதல் ஒன்றே ஆயினும் அதன் பயன் இங்கே திரிந்துவிட்டது. கைம்மாற்றில் சொல் மறைத்தது வாங்குவோன் நாணத்தை; வட்டியில் சொல் மறைப்பது கொடுப்போன் ஊதியத்தை. இரண்டையும் மறைமொழி என ஒன்றாகக் கருதின் பிழைபடும்.

மறைவு கிழிந்தவிடத்து மக்கள் வன்சொல்லை ஆண்டனர். கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி என்பன அவை. வாடகை வண்டியின் அளவுகருவி நில்லாது ஓடுவதுபோல் ஏறும் வட்டி மீட்டர் வட்டி. கேரளத்தில் இத்தகையோரைப் 'பிளேடு' என வழங்குவர். எல்லைக்கு இப்பாலும் அச்சொல் விளங்கும். அறுப்பவன் என்னும் உட்பொருளை விளக்க வேண்டுவதில்லை. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாடு மிகைவட்டி வசூலித்தலைத் தடைசெய்து இயற்றிய சட்டம் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்னும் இச்சொற்களையே தன்னகத்துக் கொண்டது. தெருவில் பிறந்த சொற்கள் சட்டத்தின் சொற்களாயின. நூலோர் கொச்சை என விடுத்தவற்றைச் சட்டம் இயற்றுவோர் விடுக்க இயலவில்லை. அக்கொடுமைக்கு வேறு பெயர் இன்மையான்.

சட்டம் வந்தும் துயர் ஒழியவில்லை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாது தீக்குளித்த கணவனும் மனைவியும் அவர்தம் இரு சிறு பெண்மக்களும் மாண்டனர். 'வட்டி ஆசை முதலுக்குக் கேடு' என்னும் பழமொழி கொடுப்பவனை நோக்கிக் கூறப்பட்டது. கெட்டது வாங்கியவன் குடி.

7. மீளாத கடனுக்கு வழங்கும் சொற்கள்

வாங்கியதைத் தாராதவனைப் பற்றிய சொற்கள் நகைச்சுவை உடையன. 'விழுங்கினான்', 'ஏப்பம் விட்டான்' என்பன உணவின் வழிப்பட்டவை. 'நாமம் போட்டான்', 'தண்ணி காட்டினான்' என்பன ஏமாற்றத்தின் வழிப்பட்டவை. 'மஞ்சள் கடிதாசி கொடுத்தான்', 'ஐ.பி. கொடுத்தான்' என்பன நீதிமன்றத்தின் வழிப்பட்டவை. நொடிப்பு விண்ணப்பத்தின் ஆங்கில முதலெழுத்துகளே ஐ.பி. 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின் நிழல் இவ்வாறு பேச்சில் விழுந்தது. வறியோன் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் 'பாப்பர்' எனத் திரிந்து, 'பாப்பரானான்' எனக் குமரிநாட்டிலும் கேரளத்திலும் வழங்குகின்றது.

இந்நகைச் சொற்கள் பெரும்பாலும் தொகை பெரிதானபோதும், வாங்கியவன் வசதி உடையவனானபோதும் ஆளப்படுவன. ஏழை ஒருவன் இருநூறு ரூபாய் தாராது போனால் 'நாமம் போட்டான்' என்பார் சிலரே. 'அவனுக்குக் கைமுட்டு' என்று விடுவர். சொல்லின் தேர்வில் ஒரு நடுவுநிலைமை உண்டு.

8. பிறமொழி ஒப்புமை

இவ்வியல்பு தமிழுக்கே உரியது அன்று. ஆங்காங்கில் வழங்கும் கண்டோனியச் சீனத்தில் பணத்திற்கு 'நீர்' என்பது மறைப்பெயர். நூறு டாலர் 'ஒரு கட்டி நீர்'. பணம் செலுத்துதல் 'நீர் நிறுத்தல்'. கடன் கேட்டல் 'நீர் அளத்தல்'. வெளிப்படக் கேட்க நாணும் பொருளை ஓடும் பொருளாக்கிக் கூறுதல் அவர் முறை. நாமும் 'பணம் தண்ணீராய்ச் செலவழிகிறது' என்கிறோம். ஆனால் அவர்க்கு நீர் வரவும் கடனுமாக, நமக்கு அது செலவு மட்டுமே ஆகின்றது. நம் சிறுபணம் கையிலும் மடியிலும் முடிச்சிலும் நிற்பது.

செருமானியத்தில் கடனுக்கும் குற்றத்திற்கும் ஒரே சொல் வழங்குகின்றது. ஆங்கிலத்தில் 'செய்யத்தகும்' என்னும் பொருளுடைய துணைவினை, கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் வினையின் இறந்தகால வடிவிலிருந்து தோன்றியது. தமிழிலோ கடன் என்பதற்கு முதற்பொருளே கடமை. பழநூல்களில் தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் உரிய கடன் பேசப்படும். நீர்க்கடன், காலைக்கடன் என்பன இன்றும் வழங்குவன. கல்வெட்டில் கடமை என்பது வரி. ஆதலின் 'கடன்பட்டேன்' என்பது பணக்குறையை மட்டும் கூறுவதன்று. செய்யவேண்டியதைச் செய்யாது நிற்கிறேன் என்னும் அறக்குறையையும் உடன்கூறுவது. சிறுதொகைக்கு மக்கள் அச்சொல்லை ஆளாமைக்குக் காரணம் இதுவே. ஐந்நூறு ரூபாய்க்காக ஒருவனை அறத்தின் முன் நிறுத்த அவர் விரும்பவில்லை.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் போதருவன: வழக்கிழந்த காசுகளின் பெயர் இன்மையைக் கூறும் தொடர்களில் நிலைபெற்றது, சிறுதொகை கேட்கும் முறையில் தொல்காப்பியர் வகுத்த தருதல், கொடுத்தல் என்னும் வேறுபாடு குமரிநாட்டில் உயிரோடுள்ளது, கைம்மாற்று, பற்று, சீட்டு, சுருள் ஆகியன கடன் என்னும் பெயரை விலக்கிய கடன்களாகும், வட்டி மிகுந்தவிடத்து மென்சொல் நீங்கி வன்சொல் பிறந்தது.

இதனால் ஆராய்ச்சிக்கன்றி வாழ்க்கைக்கும் ஒரு பயன் உண்டு. வினாப்படிவத்தோடு ஒரு வீட்டுக்குச் சென்று 'உங்களுக்குக் கடன் உண்டா?' என வினவுவோர்க்கு 'இல்லை' என்னும் விடை கிடைக்கலாம். அது பொய்யன்று. அவ்வீட்டார்க்குக் கைம்மாற்று உண்டு. கடையில் பற்று உண்டு. எடுத்த சீட்டு உண்டு. மகளிர் குழுவுக்கு வாரந்தோறும் அடைப்பது உண்டு. கடன் மட்டும் இல்லை. 'கொஞ்சம் நெருக்கம்' என ஒரு முந்திரி ஆலைத் தொழிலாளி கூறும்போது அந்நெருக்கம் ஐந்நூறு ரூபாயா, பத்து வட்டியில் ஐம்பதாயிரமா என்பதை அவர்தம் மொழியறிந்தாரே உணர்வர். மென்சொல்லின் பின் மறைந்து நிற்பது சிலவிடத்து நட்பு, சிலவிடத்து அழிவு.

இக்காலத்துச் சிறுதொகைகள் கைப்பேசி வழியே செல்கின்றன. 2016இல் தொடங்கிய இம்முறையால் "ஜிபே பண்ணு" என்பது புதிய 'தா' ஆயிற்று. கைக்கு அங்கே வேலையில்லை. ஆயினும் கைம்மாற்று என்னும் பெயர் நீங்கவில்லை. பழைய கைம்மாற்றுக்கு இல்லாத நாளும் மணியும் தொகையும் இப்போது திரையில் அழியாது நிற்கின்றன. மறந்தாற்போல் இருத்தற்கும், மறந்தவனைப் பொறுத்தற்கும் இருந்த இடம் சுருங்குகின்றது. இதற்கேற்ற புதுச்சொற்களையும் மக்கள் ஆக்குவர்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது; கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை 1982இல் தொகுத்தளித்தார். பணத்தையும் கடனையும் பற்றிய வழக்குகளை வட்டாரந்தோறும் தனியே தொகுத்தல் வேண்டும். தரகர், மீனவர், பனைத்தொழிலாளர், சந்தை மகளிர் ஆகியோரின் குழூஉக்குறிகள் எழுதப்படாமலே மறைந்துவருகின்றன. சொல்லைத் தொகுப்போர் பொருளை மட்டும் குறித்தமையாது, யார் யாரிடம் கூறியது, கேட்டபோதா, மறுத்தபோதா, மீளக் கேட்டபோதா என்பதனையும் குறித்தல் இன்றியமையாதது. பணச் சொல்லின் பொருள் தொகையில் மட்டும் இல்லை. கூறுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையேயுள்ள உறவிலும் உள்ளது.